வால்வு கூப்பிட்ட தோழர்

முதலில் அதைக் கண்டதும் வீட்டார் மூக்கைப் பொத்தினார்கள். அடுத்து செண்ட் அடித்து விரட்டினார்கள். அதன் பிறகு, அழுகிய முட்டைக்கோஸுக்குப் பிறந்தது என்று ஏசினார்கள். கேஸோடு கலந்து பிழைத்துவந்த நாற்றம் இந்த மூன்றையும் மறக்கவில்லை.

ஒரு நாள் குளியலறை கேஸ் கீசரின் வால்வு அதைக் கூப்பிட்டது.

"தோழரே, என்னால் மூட முடியவில்லை. கேஸ் கசிகிறது. மரகதவல்லி குளிக்க வருகிறாள், போய்த் தடுங்கள்."

"என்னை விரட்டியவளையா? இன்று நான் வேலைநிறுத்தம்."

"உங்கள் கோரிக்கை நியாயம்தான். ஆனால் அவள் கை சுவிட்சுக்குப் போகிறது. ஒரு பொறி போதும். அப்புறம் கோரிக்கையைக் கேட்க யார் இருப்பார்கள்?"

நாற்றம் பாய்ந்துபோய் அவள் மூக்கில் ஏறியது.

நீட்டிய கை அப்படியே நின்றது. மரகதவல்லி சுவிட்சைத் தொடவில்லை. ஜன்னலைத் திறந்தாள், சிலிண்டரை மூடினாள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகுதான் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

மெக்கானிக் பழுதான வால்வைக் கழற்றி எடுத்து வந்தார்.

"நல்லவேளை, தப்பிச்சீங்க. யாரும்மா முதல்ல சொன்னது? அவங்களுக்குப் பெரிய கும்பிடா போடுங்க."

தெருவே கூடி நின்றிருந்தது. மரகதவல்லி தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நாத்தம்தாங்க."