குதிக்காதவள்

"நிஷியோ இன்னைக்கும் குதிக்கலை. பார்த்தீங்கல்ல?"

பில் கவுண்டர் தலைவி குவாபாராவின் மேஜை முன்னால் வந்து நின்றாள் மியோஷி. சூப்பர் மார்க்கெட் திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"முழங்கால் வலின்னு சொன்னா."

"முப்பத்தாறு வயசுல முழங்கால் வலியா? சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகுது. காலையில ரேடியோ உடற்பயிற்சிக்குப் பியானோ கேட்டா கடையே குதிக்குது. இந்த மகாராணி மட்டும் சும்மா நிக்கிறா. எனக்கு அம்பத்திரெண்டு. பதினாலு வருஷத்துல ஒரு நாள் நின்னிருக்கேனா?"

நின்றதில்லைதான். ஆனால் அந்த உடற்பயிற்சியில் குதிக்கும் கட்டம் வந்தாலே மியோஷி கால்களை நெருக்கி வைத்துக்கொள்வாள். இரண்டு வருடமாக, குதித்தால், தும்மினால், அரிசிப் பையைத் தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. அதற்காகவே கறுப்புக் கால்சட்டை, உள்ளே நாப்கின். காலையில் தேநீர் கிடையாது. குதிக்காமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்வதைவிட வேலையையே விட்டுவிடலாம்.

நானே வாயைத் திறக்காமல் குதிக்கிறேன், இவளுக்கு என்ன வந்தது?

"சரி, நான் பார்த்துக்கறேன்" என்றாள் குவாபாரா.

மறுநாள் குதிக்கும் கட்டம் வந்ததும் குவாபாரா ரேடியோவை நிறுத்தினாள்.

"இனிமே யாரும் குதிக்க வேணாம். அப்படியே நில்லுங்க. சிறுநீரை அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கி மேல இழுங்க. அஞ்சு எண்ணிட்டு விடுங்க. பத்து தடவை. மூச்சைப் பிடிக்காதீங்க, வயித்தை எக்காதீங்க."

வரிசையில் கிசுகிசுப்பும் சிரிப்பும் ஓடின.

"இது எதுக்குங்க?"

"தும்முனா கசியாம இருக்க. யாருக்குக் கசியுதுன்னு நான் கேட்கப் போறதில்லை. முகத்துல மட்டும் எதுவும் தெரியக் கூடாது. அப்பத்தான் வாடிக்கையாளர் பர்ஸைத் தேடுற நேரத்துலயும் செய்யலாம்."

மியோஷிக்குப் புரிந்துவிட்டது. முழங்காலாவது, வலியாவது. நிஷியோவுக்கும் இதே கதைதான். பாவமாக இருந்தது. ஒருத்திக்காகக் கடையே மாற வேண்டுமா என்று எரிச்சலும் வந்தது. எரிச்சலோடுதான் தினமும் இறுக்கினாள், விட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும்போது பெரிய தும்மல் ஒன்று வந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை. மறுநாள் காலையில் இரண்டு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேட்டை விளையாட்டு விழா. தாய்மார்களுக்கான கயிறு தாண்டும் போட்டியில் முதல் பரிசு நிஷியோவுக்கு. நிற்காமல் இருநூறு தடவை தாண்டினாள்.

திங்கள் காலை மியோஷி நேராகக் குவாபாராவிடம் போனாள்.

"முழங்காலும் பொய், மத்ததும் பொய். நேத்து மான் மாதிரி குதிக்கிறா. நம்மளை முட்டாளாக்கியிருக்கா."

"தெரியும். அந்தப் பயிற்சியை எழுதிக் கொடுத்ததே அவதான்."

"அவளா? அப்புறம் ஏன் குதிக்காம நின்னா?"

"ஒரு ஆள் நின்னா, குதிக்க முடியாத இன்னொரு ஆளும் கூச்சப்படாம நிப்பாங்கன்னு நினைச்சா. ஒரு மாசம் பேச்சு வாங்கிட்டு நின்னு பார்த்தா. அவங்க நிக்கலை."

"யாரு அந்த இன்னொரு ஆள்?"

குவாபாரா பில் சுருள்களை அடுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

"வரிசையில நிஷியோவோட இடம் உங்களுக்கு நேர் பின்னாடி, மியோஷி."