மாதிரியில் இல்லாத வீடு

நகரத் திட்டமிடல் முதுகலையின் இறுதித் திட்டத்தை விளக்க மாணவிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. மூன்று நாடுகளிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்கள் பக்கத்து அறையில் காபி குடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. மேஜைமேல் அவள் செய்துவைத்த அட்டை நகரத்தில் ஜன்னல் வெயில் விழுந்து, தீப்பெட்டி அளவு வீடுகளுக்கெல்லாம் நிழல் முளைத்திருக்கிறது. இந்தத் திட்டத்துக்கான கணக்கெடுப்பின்போது ஆற்றோரக் குடியிருப்பை வீடுவீடாகச் சுற்றிக்காட்டிய தையல்கார அக்கா, அழைத்த மரியாதைக்கு வந்து, அந்த மாதிரியின்மேல் குனிந்து நிற்கிறாள். ஊசி குத்திக் காய்த்த விரல் குழாயடியைத் தாண்டி, சந்து முனையில் திரும்பி, பச்சைப் பஞ்சு ஒட்டிய பூங்காவில் வந்து நிற்கிறது.

"இங்கதானேம்மா என் வீடு இருக்கணும்?"

"வெள்ளம் வர்ற இடம்க்கா... அதான் அந்த வரிசையை மட்டும் எடுத்துட்டேன்."

"சரி, எங்களை எங்க வெச்சிருக்க?"

மாணவியின் கை நகரத்தின் மறுகோடிவரை போகிறது. அங்கே அட்டை முடிந்துவிடுகிறது. கதவு திறக்கிறது. "ஆரம்பிக்கலாமா?" என்கிறார் முதலில் நுழைந்த பேராசிரியர். அக்கா ஒரு நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப்போட்டு உட்காருகிறாள்.

"சொல்லும்மா, நானும் கேக்குறேன்."