ஆபீஸ் கண்ணாடி

தச்சரின் மகன் ஒரு வாரமாக ஆபீஸ் அனுப்பியதென்று, கண்ணை முழுசாக மூடும் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் ஆபீஸ் வேலை பார்த்தான். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. தச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணைக் கட்டிக்கிட்டு என்னடா வேலை? வண்டிக் குதிரையா நீ?"

"உள்ளேயே மூணு ஸ்க்ரீன் இருக்குப்பா. இனி கம்ப்யூட்டரே வேணாம்."

"கண்ணும் வேணாம்னு சொல்லு."

மதியம் கூரியர்காரர் ஒரு பெட்டியை நீட்டினார். "பையனுக்கு ஆபீஸ்ல இருந்து ஹெட்செட், கண்ணுல மாட்டுற கண்ணாடி, ஐயா."

"அது போன வாரமே வந்துடுச்சே."

"போன வாரம் வீடு பூட்டியிருந்துச்சு, திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன். இதுதான் அது."

பெட்டியின் சீல் பிரியவே இல்லை. தச்சர் உள்ளே ஓடி, மகனின் பின்னந்தலையில் கண்ணாடியைக் கட்டும் வாரைத் தேடினார். வார் இல்லை. கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். தோல் போல வெதுவெதுப்பாக இருந்தது.

"இழுக்காதீங்கப்பா, வலிக்குது" என்றான்.