பீரோவுக்குள் போன்

தவக்காலத்துக்கு ஆவூரில் எல்லாரும் கறியை விட்டார்கள். ஃபெமினா போனை விட்டாள். ரீல்ஸும் வாட்ஸ்அப்பும் பார்த்துப் பார்த்துத் தலை கனத்துப் போயிருந்தது. சிங்கப்பூரிலிருந்த கணவன் லியோனிடம் சொல்லிவிட்டு, சாம்பல் புதனன்று போனை ஆஃப் செய்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்து, பீரோவைத் திறந்து அவனைக் கூப்பிட்டாள்.

"பேசி எம்புட்டு நாளாச்சுங்க!"

லியோன் சிரித்தான். "மறுநாளே முடியலன்னு வீடியோ கால்ல வந்துட்டியே. தெனமும்தான பேசுன. ஏன் எப்பவும் இருட்டுலயே உக்காந்திருந்த? பின்னாடி ஒரே சேலையாத் தொங்குச்சு."

ஃபெமினா திரும்பி, பீரோவுக்குள் தொங்கிய சேலைகளைப் பார்த்தாள்.

"நேத்து என்னமோ சொன்னியே, நாளைக்கு அவ கதவைத் தெறப்பா, நான் வெளிய வந்துருவேன்னு. யாரு அவ?"

அடுப்படியிலிருந்து, ஃபெமினாவின் குரலிலேயே, யாரோ மகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"வாரேம்மா" என்று நான்சி ஓடினாள்.