முள் இல்லாத டேங்க்

ஆபீஸுக்குக் கிளம்பிய ஜோவிதாவின் ஸ்கூட்டர் ஆஸ்டின் டவுன் முனையிலேயே நின்றுபோனது. கணவர் ஓஸ்வால்ட் பாட்டிலில் பெட்ரோலோடு வந்தார்.

"டாக்டர் சொன்ன மூணு கிலோமீட்டர் வாக்கிங்கை முடிச்சுட்டு இப்பதான் உக்காந்தேன். வானத்துல சுத்தற சாட்டிலைட்ல எரிபொருள் எவ்ளோ மிச்சம்னு கிராம் கணக்குல சொல்ற இன்ஜினியருக்கு, ஸ்கூட்டர்ல தீர்ந்தது தெரியலையா?"

"அங்க அளவு காட்ட முள்ளே கிடையாது, இங்க முள் ரிப்பேர். எவ்ளோ ஓடுச்சுன்னு கணக்குப் போடறதுதான். இது இன்னும் முப்பது கிலோமீட்டர் ஓடணும்."

"கணக்கு தப்பிடுச்சு, ஒத்துக்கோ."

ஜோவிதா குனிந்து மீட்டரைப் பார்த்தாள். பெட்ரோல் போட்ட அன்றைய எண் அவளுக்கு மனப்பாடம்.

"பத்து நாள்ல, என் ஆபீஸ் தூரம் போக, முப்பது கிலோமீட்டர் கூட ஓடியிருக்கு. ஒரு நாளைக்கு மூணு."

ஓஸ்வால்ட் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தினமும் வாக்கிங் போனது நீங்களா, ஸ்கூட்டரா?"