குறையாத இருப்பு

தார்த்து நகரத்து மென்பொருள் அலுவலகத்தில் ஹெல்வியின் திரையோரம் எப்போதும் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கும். ஒரு கிரிப்டோ வாலட்டின், அதாவது மின்பணப் பையின், இருப்பை இணையத்தில் கேட்டுக்கொண்டே இருக்க, அவளே எழுதிய நிரல் அது.

“புதையல் ஏறிச்சா?” பக்கத்து இருக்கையில் இருந்த தாவி என்ற இளைஞன் கிண்டலாகக் கேட்டான்.

“ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.”

“சம்பளத்தன்னிக்கு ஏறிச்சே! அப்பவும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுதான் இருந்தீங்க. இவ்வளவு பேராசை ஆகாது.”

ஹெல்வி கறுப்பு ரொட்டியைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் சிவந்தது. எட்டிப் பார்த்த தாவி பதறிப்போனான்.

“ஐயோ, குறைஞ்சிருக்கு! உங்க ரகசியச் சாவிய யாரோ திருடிட்டாங்க. போலீசுக்குச் சொல்லுங்க!”

“என்கிட்ட ஏது சாவி? பணம் போட யாராலயும் முடியும். எடுக்கிற சாவி அவன்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“எவன்கிட்ட?”

“என் மகன் யூர்கென்கிட்ட. கோவிச்சுக்கிட்டுப் போனவன், எங்க இருக்கான்னே தெரியல. இந்த வாலட் மட்டும்தான் எனக்குத் தெரியும். மாசாமாசம் போட்டுட்டு, எப்படா எடுப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” அவள் குரல் உடைந்தது. “எடுத்துட்டான் தாவி! உயிரோட இருக்கான்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறைந்த பணத்தை அப்போதே திரும்ப அனுப்பத் தொடங்கினாள்.

“சம்பளம் வரட்டுமே, என்ன அவசரம்?”

“உடனே போட்டாத்தான், அம்மா பாத்துக்கிட்டே இருக்கேன்னு அவனுக்குத் தெரியும்.”