நாலு கிலோ இறக்கிய கோழிக்குச்சி

"ஒரே ஒரு பாக்கெட் கோழிக்குச்சிதாங்க தின்னேன், நாலு கிலோ எறங்கிட்டேன். சாரத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கேன். பலமா காத்தடிச்சா கஹவத்தை டவுன்லதான் என்னையத் தேடணும்."

ரிட்டயரான மூக்கையா சொன்னதைக் கேட்டு, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையே சிரித்தது. ஜீப்பில் சாய்ந்து நின்ற தோட்டத்துத் தொரையும் சிரித்தார். தராசருகே நின்ற கணக்கப்பிள்ளை கஜேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. கீட்டோ டயட் என்று ஆறு வாரமாகச் சோற்றை முறைத்துப் பார்ப்பதோடு சரி அவர். அரைக் கிலோகூட இறங்கவில்லை.

மூக்கையாவின் கையிலிருந்த அந்தப் பாக்கெட்டைப் பிடுங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தார். சீனி, கோதுமை மா, கிழங்கு மா. பாக்கெட்டில் கோழிப் படம் போட்டிருந்தால் கீட்டோவுக்கு ஆகிவிடுமா, சீனியும் மாவும் சேராத இறைச்சியாகப் பார்த்து வாங்கவேண்டாமா, இதைத் தின்றால் ஏறுமே தவிர இறங்காது என்று தமிழில் ஒரு தடவையும், தமிழ் தெரிந்த தொரைக்காகவே சிங்களத்தில் இன்னொரு தடவையும் விளக்கினார்.

வரிசையின் முதலில், கொழுந்துச் சாக்கோடு காத்திருந்தாள் மூக்கையாவின் மருமகள் ஜெயம்மா. இருபது கிலோ காட்டினால்தான் முழுப் பேர், முழு நாள் சம்பளம். இந்த மாதம் பூராவும் அவளுக்கு அரைப் பேர்தான். கை ஓடாதவள் என்று கஜேந்திரன் ஏசியாகிவிட்டது. இன்றும் குறைந்தால் நாளையிலிருந்து புல்லு வெட்டப் போகவேண்டியதுதான்.

"மாமா, தள்ளுங்க. நான் நிறுக்கணும்."

"இரு தாயி. ஐயா என்னைய நம்பமாட்டேங்கிறாரு."

மூக்கையா தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பற்றி, காலை மடக்கிக்கொண்டு வௌவால் மாதிரி தொங்கினார். முள் நாற்பத்தெட்டில் நின்றது. இறங்கி, மடியிலிருந்த டிஸ்பென்சரி கார்டை எடுத்துத் தொரையிடம் பவ்வியமாக நீட்டினார். அதில் எடை ஐம்பத்திரண்டு கிலோ.

"நாலு கிலோ எறங்க எனக்கே மாசக்கணக்கு ஆகும்," என்றார் கஜேந்திரன். "நடக்கவே நடக்காது தொரை. அது எந்தக் காலத்துக் கார்டோ."

தொரை திகதியைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில நிறுத்தது," என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஜெயம்மா தன் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள். பதினேழு.

"மாமா கோழி தின்னாரு, சரி," என்றாள். "என் சாக்கு என்னத்தைத் தின்னுச்சுங்க ஐயா?"

கஜேந்திரன் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். அது இன்னும் பிரிக்கப்படவே இல்லை. தொரை தராசின் முள்ளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததுதான் தொரை," என்றார் கஜேந்திரன் மெதுவாக. "நாலு கிலோ. இந்தக் கொக்கியில தொங்குன எல்லாத்துக்கும்."